ஆக்சுவரியை உருவாக்குவது பட்டமா, தேர்வா?

ஆயுள் காப்பீட்டு நிறுவனம் இன்று வாங்கும் பிரீமியத்துக்கு முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதுவரை கையிருப்பில் எவ்வளவு பணம் இருந்தாக வேண்டும் என்று கணக்கிட்டு, அந்தக் கணக்குக்குக் கீழே கையெழுத்திடுபவர் ஆக்சுவரி. இறப்பு விகிதம், வட்டி, செலவு, பாலிசிதாரர்கள் பாதியில் விலகும் வேகம் ஆகிய நான்கையும் எதிர்காலத்துக்கு ஊகித்தே அவர் எண்ணைச் சொல்கிறார். எண் தவறு என்று தெரியவரும்போது அவர் பெரும்பாலும் பணியில் இருக்க மாட்டார். பிழை உடனே தெரிந்துவிடும் தொழில்களில் அனுபவமே ஆசானாகிவிடும். இங்கே அது முடியாது. அதனால் இந்தத் தொழிலுக்கு ஆளைத் தயார் செய்வது எப்படி, தயாராகிவிட்டார் என்று சான்று தருவது யார் என்ற கேள்வி பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே தொடர்ந்து வருகிறது.

இதற்கு மூன்று பெரிய விடைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. வேலையில் இருந்தபடியே தொழில்முறை அமைப்பின் தேர்வுகளை எழுதுவது பிரிட்டிஷ் வழி. பல்கலைக்கழகமே கற்பித்துப் பட்டமும் தருவது ஐரோப்பிய வழி. பட்டத்தில் பெற்ற மதிப்பெண்ணுக்காகச் சில தேர்வுத் தாள்களில் விலக்கு அளிப்பது ஆஸ்திரேலியாவிலும் வேறு சில நாடுகளிலும் வேரூன்றிய கலப்பு வழி. மூன்றும் ஒரே கேள்விக்கான விடைகள்போலத் தெரிந்தாலும், ஒவ்வொன்றும் உருவான சூழல் வேறு.

வகுப்பறைக்கு வெளியே பிறந்த தொழில்

எட்மண்ட் ஹாலி, பிரெஸ்லாவ் நகரத்தின் பிறப்பு இறப்புப் பதிவுகளைக் கொண்டு 1693இல் ஆயுள் அட்டவணை ஒன்றை வெளியிட்டார். எந்த வயதில் எத்தனை பேர் எஞ்சியிருப்பார்கள் என்று காட்டிய அந்த அட்டவணை அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொழிலாக மாறவில்லை. அதைத் தொழிலாக்கியது ஜேம்ஸ் டாட்சன் என்ற கணித ஆசிரியரின் யோசனை. சேரும் வயதை வைத்துப் பிரீமியத்தை நிர்ணயித்து, கடைசிவரை மாறாத தொகையாக வாங்குவது என்பதுதான் அது. இளம் வயதில் அபாயத்துக்குத் தேவையானதைவிட அதிகமாக வாங்கப்படும் தொகை சேர்ந்துகொண்டே வந்து, முதுமையில் ஏற்படும் பற்றாக்குறையை நிரப்பும். டாட்சன் 1757இல் இறந்தார். அவர் யோசனையின் மேல் எழுந்த ஈக்விடபிள் சங்கம் லண்டனில் 1762இல் தொடங்கியது. தலைமை அலுவலருக்கு ‘ஆக்சுவரி’ என்ற பதவிப் பெயரை வைத்ததும் அந்தச் சங்கமே.

டாட்சனின் முறையில் ஒரு சிக்கல் உள்ளடங்கியிருக்கிறது. ஆரம்ப ஆண்டுகளில் பணம் குவியும். அது லாபமா, பிற்காலக் கடனா என்று கல்லாப்பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே அவ்வப்போது மதிப்பீடு செய்தாக வேண்டும். ஈக்விடபிளில் 1775இல் ஆக்சுவரியான வில்லியம் மார்கன் இந்தப் பணியை ஒரு தனித்தொழிலின் அளவுக்கு உயர்த்தினார். அவர் படித்தது மருத்துவம். காப்பீட்டுக் கணக்கை அவருக்கு அறிமுகப்படுத்தியவர் அவருடைய தாய்மாமன் ரிச்சர்ட் பிரைஸ். அடுத்த தலைமுறையில், வயது கூடக்கூட இறப்பு விகிதம் அடுக்குமுறையில் ஏறுகிறது என்ற விதியை 1825இல் தந்த பெஞ்சமின் காம்பர்ட்ஸ் யூதர் என்பதால் பல்கலைக்கழகத்தில் சேர முடியாமல் தாமாகவே படித்தவர். இன்றும் முதியோர் இறப்பு விகிதக் கணக்கில் அவருடைய சூத்திரம் வழக்கிலிருக்கிறது.

எனவே, ‘ஆக்சுவரி வகுப்பறையில் உருவாவதில்லை’ என்று பழைய பிரிட்டிஷ் தொழிலர்கள் நம்பியதில் வியப்பில்லை. ஆனால் கல்வியாளர்கள் முற்றிலும் விலகி நின்றார்கள் என்பதும் சரியில்லை. லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியின் முதல் கணிதப் பேராசிரியரான அகஸ்டஸ் டி மார்கன் நிகழ்தகவையும் ஆயுள் காப்பீட்டையும் பற்றி 1838இல் நூல் எழுதினார். காப்பீட்டு நிறுவனங்களுக்கு ஆலோசனையும் சொன்னார். மதுரையில் 1806இல் பிறந்த இவர், மேலே சொன்ன டாட்சனின் கொள்ளுப்பேரன்.

முதல் விடை: வேலையும் தேர்வும்

லண்டனில் 1848இல் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஆக்சுவரீஸ் தோன்றியது. எடின்பரோவில் 1856இல் ஃபேகல்டி ஆஃப் ஆக்சுவரீஸ் பிரிந்து நின்றது. இரண்டும் 2010இல்தான் ஒன்றாயின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே இவை தேர்வு நடத்தத் தொடங்கிவிட்டன. அமெரிக்காவில் 1889இல் உருவான ஆக்சுவரியல் சொசைட்டியும், விபத்து, தொழிலாளர் இழப்பீடு போன்ற பொதுக் காப்பீட்டுக்காக 1914இல் தனியே கிளம்பிய கேஷுவல்டி ஆக்சுவரியல் சொசைட்டியும் அதே பாதையில் நடந்தன.

இந்த முறையின் உட்கருத்து எளிமையானது. மாணவர் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்ப்பார். மாலையிலும் விடுமுறையிலும் படிப்பார். ஆண்டுக்கு ஓரிரு தாள் எழுதுவார். எந்தக் கல்லூரியில் படித்தார், கல்லூரியில் படித்தாரா என்பதைப் பற்றித் தேர்வுத்தாள் கேட்காது. விடைத்தாள் ஒன்றே பேசும். பணக்காரப் பல்கலைக்கழகத்தின் வாசலைத் தாண்ட முடியாதவர்களுக்கு இது உண்மையான வாய்ப்பாக இருந்தது. இந்தியா போன்ற காலனி நாடுகளின் மாணவர்களும் லண்டன் தேர்வை எழுதியே ஃபெல்லோ (முழுத் தகுதி பெற்ற உறுப்பினர்) ஆனார்கள். சட்டமும் இந்த முறைக்கு வலு சேர்த்தது. மதிப்பீட்டில் ஆக்சுவரி கையெழுத்திட வேண்டும் என்று அரசுகள் விதிக்கத் தொடங்கியதும், யார் ஆக்சுவரி என்பதற்கு ஒரு பட்டியல் தேவைப்பட்டது. தேர்வு அந்தப் பட்டியலைத் தந்தது.

குறைகளும் அதே அமைப்பிலிருந்துதான் வருகின்றன. எல்லாத் தாள்களையும் முடிக்கச் சிலருக்கு ஐந்தாறு ஆண்டு, பலருக்குப் பத்தாண்டுக்கும் மேல் ஆகிறது. நடுவில் கைவிடுவோர் ஏராளம். கைவிட்டவர் கையில் பாதிப் பட்டியல் தவிர வேறொன்றும் மிஞ்சாது. தனியாகப் படிப்பவர் பழைய வினாத்தாள்களை மனப்பாடமாக்கித் தேறிவிட முடியும் என்ற குற்றச்சாட்டும் நீண்டகாலமாக உண்டு. இவற்றைவிட ஆழமான குறை மற்றொன்று: பாடத்திட்டத்தை எழுதுபவர், வினா தயாரிப்பவர், திருத்துபவர், பின்னர் வேலை கொடுப்பவர் எல்லோரும் ஒரே சிறு வட்டத்தைச் சேர்ந்தவர்கள். அந்த வட்டத்துக்குத் தெரியாதது பாடத்தில் நுழையத் தாமதமாகும்.

இரண்டாவது விடை: பல்கலைக்கழகம்

ஐரோப்பியப் பெருநிலத்தில் கதை வேறு திசையில் போனது. ஜெர்மனியின் கெட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் 1895இல் காப்பீட்டு அறிவியலுக்கென்றே ஒரு துறை தொடங்கியது. கணிதம், பொருளியல், சட்டம் மூன்றையும் சேர்த்துக் கற்பித்தார்கள். டென்மார்க்கில் வானியல் பேராசிரியராக இருந்த தீலே, ஹாஃப்னியா என்ற காப்பீட்டு நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவர். ஆயுள் பாலிசியின் கையிருப்பு நொடிக்கு நொடி எப்படி மாறுகிறது என்று காட்டும் வகைக்கெழுச் சமன்பாடு அவர் பெயரால் வழங்குகிறது. பிரான்சில் லியோன் நகரத்து ஆக்சுவரியல் கல்லூரி 1930இல் உருவானது.

இந்த வழியின் பலத்துக்கு ஸ்வீடன் நல்ல சான்று. ஃபிலிப் லுண்ட்பெர்க் 1903இல் உப்சாலாவில் சமர்ப்பித்த ஆய்வேட்டில், ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு வரும் இழப்பீட்டுக் கோரிக்கைகளை இடைவிடாமல் ஓடும் தற்செயல் நிகழ்வாகப் பார்த்து, நிறுவனம் திவாலாகும் வாய்ப்பைக் கணிக்க முயன்றார். அந்த எழுத்து பலருக்குப் புரியவில்லை. நீண்டகாலம் கவனிப்பாரின்றிக் கிடந்தது. ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தில் 1929இல் ஆக்சுவரியல் கணிதத்துக்கும் புள்ளியியலுக்கும் பேராசிரியரான ஹரால்ட் கிராமர் அதைத் துல்லியமான கணிதமாக்கினார். இடர்க் கோட்பாடு என்று இன்று எல்லா நாட்டுப் பாடத்திட்டத்திலும் இருப்பது அங்கிருந்து வந்தது. மாலைநேரத் தேர்வு முறையிலிருந்து இப்படியொரு கோட்பாடு வந்திருக்குமா என்பது சந்தேகமே. பேராசிரியர் பதவியும் முனைவர் ஆய்வும் இல்லாமல் லுண்ட்பெர்க்கின் ஏடு தூசியடைந்திருக்கும்.

பலவீனமும் அங்கேயே இருக்கிறது. பல்கலைக்கழகம் தன் ஆர்வத்துக்கேற்பப் பாடம் அமைக்கும். கணிதத் துறைக்குள் அமைந்தால் தேற்றங்கள் பெருகும்; வணிகத் துறைக்குள் அமைந்தால் கணிதம் சுருங்கும். ஒரு நாட்டுக்குள்ளேயே இரண்டு பட்டங்களின் தரத்தை ஒப்பிட வழியிருக்காது. இதை உணர்ந்துதான் பல ஐரோப்பிய நாடுகளில் பட்டத்துக்குப் பிறகு தொழில்முறைச் சங்கம் கூடுதல் பயிற்சி, அனுபவம், சில தேர்வுகள் என்று சேர்த்துக்கொண்டது. தூய பல்கலைக்கழக வழி என்று இன்று சொல்லத்தக்கது குறைவு.

மூன்றாவது விடை: விலக்கு

சிட்னியின் மக்குவாரி பல்கலைக்கழகத்தில் 1968இல் ஆல்ஃபிரட் பொல்லார்டின் பொறுப்பில் தொடங்கிய ஆக்சுவரியல் படிப்பு, கலப்பு முறைக்கு முன்மாதிரி. பட்டப் படிப்பில் குறிப்பிட்ட தரத்துக்கு மேல் மதிப்பெண் பெற்றால் தொழில்முறைத் தேர்வின் ஆரம்பத் தாள்கள் எழுத வேண்டியதில்லை. ஏறத்தாழ அதே காலத்தில் லண்டனின் சிட்டி பல்கலைக்கழகமும் எடின்பரோவின் ஹெரியட்-வாட்டும் இத்துறையில் இறங்கின. தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன், ஸ்டெலன்போஷ், விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகங்கள் வழியே தொழிலுக்கு வருவதே இயல்பான பாதையாகிவிட்டது. கனடா 2012இல் பல்கலைக்கழக அங்கீகாரத் திட்டத்தைக் கொண்டுவந்தது. தேர்வு மரபில் மிகப் பிடிவாதமாக இருந்த அமெரிக்க சொசைட்டி ஆஃப் ஆக்சுவரீஸ், பொருளியல், நிதி போன்ற சில பாடங்களுக்குக் கல்லூரி மதிப்பெண்ணை 2005 முதல் ஏற்றது. கணிதத் தாள்களுக்கும் ஓரளவு ஏற்கச் சம்மதித்தது இந்தப் பத்தாண்டில்தான்.

விலக்கு முறை மாணவரின் ஆண்டுகளை மிச்சப்படுத்துகிறது. ஆசிரியரோடு உரையாடிக் கற்கும் வாய்ப்பைத் தருகிறது. எதிர்ப்பாளர்களின் கேள்வி தரத்தைப் பற்றியது. விலக்கு கிடைக்கும் என்பதற்காகவே மாணவர்கள் அதிகக் கட்டணம் கட்டிச் சேரும்போது, விலக்குக்குரிய மதிப்பெண்ணைத் தாராளமாக வழங்கும்படி பல்கலைக்கழகத்தின் மீது அழுத்தம் வராதா? வெளித் தேர்வாளரை வைத்து விடைத்தாளைச் சரிபார்ப்பது இதற்கு வழக்கமான மருந்து. அது ஓரளவு வேலை செய்கிறது என்றே சொல்ல வேண்டும். மற்றொரு விளைவு அதிகம் பேசப்படுவதில்லை. அங்கீகாரம் பெற்ற துறை, தொழில்முறை அமைப்பின் பாடத்திட்டத்தை வரிக்கு வரி பின்பற்ற வேண்டியிருக்கிறது. ஆய்வுக்குப் பெயர்பெற வேண்டிய துறை, கொஞ்சம் கொஞ்சமாகப் பயிற்சி மையமாகிவிடும் அபாயம் உண்டு.

எந்தப் பட்டம் நல்லது என்ற உட்கேள்வி

பட்டம் வேண்டும் என்று ஒப்புக்கொண்டவர்களுக்குள்ளும் வேறொரு விவாதம் இருக்கிறது. ஆக்சுவரியல் பட்டமா, கணிதம், புள்ளியியல் போன்ற பொதுப் பட்டமா? பிரிட்டனில் தொழிலுக்கு வந்தவர்களில் கணிதப் பட்டதாரிகளே நெடுங்காலம் பெரும்பான்மை. வேலை கொடுப்போரும் ஆக்சுவரியல் பட்டத்துக்குத் தனிச்சலுகை தரத் தயங்கினார்கள். பாடத்தை அலுவலகத்தில் கற்பித்துக்கொள்ளலாம், சிந்திக்கும் பயிற்சியை அங்கே கற்பிக்க முடியாது என்பது அவர்கள் வாதம்.

எதிர்த் தரப்பு வாதமும் பலமற்றதல்ல. ஆயுள் தற்செயல் கணிதம், இழப்பீட்டுக் கையிருப்பு போன்றவற்றைப் பதினெட்டு வயதிலேயே தொடங்கினால் தேர்வுத் தாள்கள் விரைவில் முடிகின்றன. ஆனால் பதினெட்டு வயதில் எடுக்கும் முடிவு குறுகலானது. நான்கு தாளுக்குப் பிறகு இத்தொழில் பிடிக்கவில்லை என்று தெரிந்தால், புள்ளியியல் பட்டதாரிக்குத் திரும்ப வழிகள் அதிகம். குறுகிய பட்டம் பெற்றவருக்குக் குறைவு. தரவு அறிவியல் வேலைகள் பெருகிய பிறகு இந்த வேறுபாடு முன்னிலும் கூர்மையாகியிருக்கிறது.

1987இல் சுவிஸ் கணிதவியலாளர் ஹான்ஸ் பூல்மன் ஆக்சுவரிகளை மூன்று வகையாகப் பிரித்தார். முதல் வகை ஆயுள் காப்பீட்டினர். இரண்டாம் வகை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த பொதுக் காப்பீட்டினர். மூன்றாம் வகை, முதலீட்டுப் பக்கத்தின் நிச்சயமின்மையையும் கணக்கில் எடுப்பவர்கள். ஒவ்வொரு வகைக்கும் வேறு கணிதம் தேவைப்பட்டது. தரவு அறிவியல் தெரிந்தவரை அடுத்த வகையாகச் சேர்க்க வேண்டும் என்போர் இப்போது இருக்கிறார்கள். அந்த அணியில் சேரப் பட்டத்தின் அகலம் உதவுமா, ஆழம் உதவுமா என்பதில் ஒத்த கருத்து இல்லை.

ஒரு சரிவும் அதன் பாடமும்

தேர்வு முறையின் மீது விழுந்த மிகப் பெரிய அடி, அந்தத் தொழில் பிறந்த வீட்டிலிருந்தே வந்தது. ஈக்விடபிள் சங்கம் 1988 வரை விற்ற பல ஓய்வூதியப் பாலிசிகளில், ஓய்வுத் தொகையை உறுதியளிக்கப்பட்ட விகிதத்தில் ஆண்டுத்தொகையாக மாற்றிக்கொள்ளும் உரிமையைக் கொடுத்திருந்தது. வட்டி உயர்ந்திருந்த நாட்களில் அந்த உறுதிக்கு மதிப்பில்லை. 1990களில் வட்டி இறங்கியது, ஆயுள் நீண்டது, உறுதிமொழி பெருஞ்சுமையானது. போனஸைக் குறைத்துச் சமாளிக்கச் சங்கம் முயன்றதை, அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 2000 ஜூலையில் செல்லாது என்றது. அதே ஆண்டு டிசம்பரில் புதிய பாலிசி விற்பதை நிறுத்த நேர்ந்தது. தலைமை நிர்வாகி, நியமன ஆக்சுவரி (மதிப்பீட்டுக்குச் சட்டப்படி பொறுப்பேற்பவர்) என்ற இரண்டு பொறுப்புகளையும் ஒருவரே சில ஆண்டுகள் வகித்தது 2004இல் வெளியான பென்ரோஸ் அறிக்கையில் கண்டனத்துக்கு உள்ளானது. தொழில் முழுவதையும் ஆராய்ந்த மாரிஸ் குழு 2005இல் அறிக்கை தந்தது. தொழில் தனக்குள்ளேயே சுருங்கியிருக்கிறது, கல்வியில் பல்கலைக்கழகங்களுக்குக் கூடுதல் பங்கு வேண்டும் என்ற போக்கில் அதன் கருத்துகள் அமைந்தன.

இந்த முடிவை அப்படியே ஏற்பதில் ஒரு தயக்கம் உண்டு. ஈக்விடபிளில் நடந்தது கணிதம் தெரியாததால் அல்ல. வட்டி குறைந்தால் உறுதிமொழிக்கு மதிப்பேறும் என்பது தேர்வெழுதும் மாணவருக்கும் தெரியும். கையிருப்பை ஒதுக்கச் சொல்லி நிர்வாகத்தை எதிர்த்து நிற்கும் இடத்தில்தான் கோளாறு நேர்ந்தது. பட்டமோ தேர்வோ அந்தத் துணிவை அளக்கக் கண்டுபிடித்த கருவி எதுவும் இல்லை.

இந்தியாவில்

இந்தியாவில் பிரீமியம் அட்டவணைகளுக்கும் மதிப்பீடுகளுக்கும் ஆக்சுவரியின் சான்று வேண்டும் என்ற விதி 1912ஆம் ஆண்டு ஆயுள் காப்பீட்டு நிறுவனச் சட்டத்தோடு வந்தது. ஆனால் ஆக்சுவரியாக வேண்டுமென்றால் லண்டன் தேர்வு எழுத வேண்டியிருந்தது. ஆக்சுவரியல் சொசைட்டி ஆஃப் இந்தியா 1944இல் தோன்றிய பிறகும் நீண்டகாலம் அந்நிலை மாறவில்லை. 1956இல் ஆயுள் காப்பீடு தேசியமயமானது, எல்.ஐ.சி. ஒன்றே வேலை கொடுக்கும் இடமாயிற்று. ஒரே முதலாளி இருந்த காலத்தில் மாணவர்கள் பெருக வேண்டிய அவசியம் எழவில்லை. 1999ஆம் ஆண்டு காப்பீட்டு ஒழுங்காற்றுச் சட்டத்துக்குப் பின் தனியார் நிறுவனங்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் நியமன ஆக்சுவரி கட்டாயமானார். ஆள் பற்றாக்குறை வெளிச்சத்துக்கு வந்தது. ஆக்சுவரிகள் சட்டம் 2006இல் நிறைவேறி, சொசைட்டி சட்டபூர்வமான இன்ஸ்டிடியூட் ஆஃப் ஆக்சுவரீஸ் ஆஃப் இந்தியா ஆனது.

இன்று மாணவர் முதலில் ஏசெட் என்ற நுழைவுத்தேர்வை எழுதுகிறார். கணிதம், புள்ளியியல், தரவு விளக்கம், ஆங்கிலம், தர்க்கம் அதில் அடங்கும். 2019இல் வந்த பாடத்திட்டப்படி ஃபெல்லோ ஆவதற்குப் பதின்மூன்று தாள்கள். முதல் ஏழு அடிப்படைத் தாள்கள்: சி.எஸ். வரிசை புள்ளியியலுக்கு, சி.எம். வரிசை வட்டி, ஆயுள் கணிதம், நிதிப் பொறியியலுக்கு, சி.பி. (CB) வரிசை கணக்கியல், பொருளியல், மேலாண்மைக்கு. அடுத்து வரும் மூன்று சி.பி. (CP) நடைமுறைத் தாள்களில் கணக்குமாதிரி அமைப்பதும், கணிதம் தெரியாதவருக்குப் புரியும்படி எழுதுவதும் சோதிக்கப்படுகின்றன. அதன்பின் சிறப்புத் தாள்கள் மூன்று. இதோடு வேலை அனுபவமும் வேண்டும். ஃபெல்லோக்கள் சில நூறு பேர். மாணவர்கள் பல ஆயிரம்.

பல்கலைக்கழகங்களும் பின்தொடர்ந்தன. சென்னைப் பல்கலைக்கழகப் புள்ளியியல் துறை உட்படத் தமிழ்நாட்டில் சில இடங்களில் ஆக்சுவரியல் முதுநிலைப் படிப்பு நடந்து வந்திருக்கிறது. தனியார் பல்கலைக்கழகங்கள் இளநிலைப் படிப்புகளைத் திறந்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவோடு ஒப்பிட்டால் முக்கிய வேறுபாடு ஒன்று தெரியும். இங்கே பெரும்பாலான பட்டங்களுக்கு இந்திய இன்ஸ்டிடியூட்டின் தாள்களில் விலக்கு கிடைப்பதில்லை. மாணவர் ஒரே பாடத்தைக் கல்லூரிக்காக ஒருமுறையும் இன்ஸ்டிடியூட்டுக்காக இன்னொரு முறையும் எழுதுகிறார். வேலைக்கு எடுக்கும்போது நிறுவனங்கள் பட்டத்தின் பெயரைவிடத் தேறிய தாள்களின் எண்ணிக்கையையே பார்க்கின்றன. எல்.ஐ.சி. ஆக்சுவரியல் பிரிவுக்கு உதவி நிர்வாக அதிகாரிகளை எடுக்கும்போதும் குறிப்பிட்ட தாள்களில் தேறியிருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. இந்தச் சூழலில் விலக்கு தராத ஆக்சுவரியல் பட்டத்தைவிட, நல்ல கல்லூரியில் புள்ளியியலோ கணிதமோ படித்துக்கொண்டே இரண்டு மூன்று தாள்களை முடிப்பது வலுவான தேர்வாகத் தெரிகிறது. நல்ல ஆசிரியர்கள் இருக்கும் ஆக்சுவரியல் துறைக்கு இது பொருந்தாமல் போகலாம். அத்தகைய துறைகள் சிலவே.

தீராமல் நிற்பவை

எந்த வழியில் வந்தவர் சிறந்த ஆக்சுவரியாகிறார் என்பதற்கு நேரடியான ஒப்பீடு செய்வது கடினம். திறமையுள்ள மாணவர்கள் எந்த வழியிலும் தேறுவார்கள். வழியின் பங்கையும் மாணவரின் பங்கையும் பிரித்துக் காட்டுவது எளிதல்ல. தேர்ச்சி விகிதம் வேகத்தைக் காட்டும், தகுதியை அல்ல. கற்பிப்பதைப் பொறுத்தவரை வழக்கு ஏறத்தாழ முடிந்துவிட்டது: அடிப்படைப் பாடங்களைப் பல்கலைக்கழகம் நன்றாகவே கற்பிக்க முடியும் என்பதை இன்று மறுப்பவர் குறைவு. சான்றளிப்பதில்தான் சண்டை தொடர்கிறது. கையெழுத்துக்குச் சட்டப் பொறுப்பு இருக்கும்வரை, அந்தப் பொறுப்பைச் சுமக்கும் அமைப்பு தன் கடைசிக் கதவை வேறொருவரிடம் ஒப்படைக்காது. முதல் ஏழு தாள்கள் மெல்ல மெல்ல வகுப்பறைக்குப் போகலாம். இறுதித் தாள்கள் போகும் என்று எதிர்பார்க்கக் காரணமில்லை.

ஆக்சுவரியல் பட்டத்தில் சேர நினைப்பவர் விண்ணப்பிக்கும் முன் கல்லூரியிடம் மூன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: எந்த அமைப்பின் விலக்கு, எந்தெந்தத் தாள்களுக்கு, எந்த ஆண்டுவரை செல்லும். எழுத்தில் பதில் வராத இடத்தில் விலக்கு இல்லை என்றே கொள்வது நல்லது.